நீங்கள் விட்ட இடத்திலேயே

ஒரு நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போகிறவர்கள்கூட ஒரு பிரதியை மட்டும் கடைசி வரி வரை வாசிக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் புது இயங்குதளம் ஏறும்போது திரையில் ஒவ்வொன்றாக வந்து மறைகிற வாக்கியங்கள்தான் அது. வேற வழி இல்லை, அது முடிகிற வரைக்கும் மெஷினில் எதுவும் செய்ய முடியாது. 35 சதவீதத்தில் கால் மணி நேரம் நின்றாலும் உட்கார்ந்து பார்க்கிறோம். இவ்வளவு கவனம் கிடைக்கிற எழுத்தை நாம் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ஒரு சிறுகதையை வாசிக்கிற மாதிரி அதை வாசித்தால் என்ன தெரியும் என்று பார்க்கலாம்.

விண்டோஸ் 10இன் மேம்படுத்தல் திரைகளில் ஒன்று இப்படிப் போகும். முதலில் ஒரு வணக்கம். பிறகு 'உங்கள் கணினியை நாங்கள் புதுப்பித்துவிட்டோம்'. அதற்குப் பிறகு 'உங்கள் கோப்புகள் எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன'. கடைசியாக, புது வசதிகள் வந்திருக்கின்றன, உற்சாகமாகுங்கள். கூடவே, கணினியை அணைத்துவிடாதீர்கள். தமிழாக்கம் என்னுடையது.

தமிழாக்கும்போதுதான் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு சொல் போதும். தமிழில் 'நாம்' என்று போடுவதா, 'நாங்கள்' என்று போடுவதா என்று முடிவு செய்தே ஆகவேண்டும். 'நாம் புதுப்பித்துவிட்டோம்' என்று எழுதிப் பாருங்கள், அப்பட்டமான பொய்யாக நிற்கிறது. நாம் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்? இந்தப் பிரதியின் கதைசொல்லி யார் என்ற கேள்விக்குத் தமிழ் இலக்கணம் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறது: வாசகரைச் சேர்த்துக்கொள்ளாத 'நாங்கள்'.

எக்ஸ்பி காலத்து நிறுவல் திரை இப்படிப் பேசாது. இடப்பக்கம் வேலைகளின் பட்டியல், கீழே இன்னும் எத்தனை நிமிடம் என்ற கணக்கு. எக்ஸ்பி போட்டவர்களுக்கு அந்த '39 நிமிடம்' மறந்திருக்காது. கணக்கு சரியாக இருந்ததே இல்லை, அது வேற விஷயம். ஆனால் அது மேஸ்திரி பேசுகிற பேச்சு. இவ்வளவு முடிஞ்சுது, இவ்வளவு பாக்கி. புதுத் திரை பேசுவதோ விருந்தாளியை வரவேற்கிற வீட்டுக்காரர் பேச்சு. வீடு யாருடையது என்பதுதான் கேள்வி.

அடுத்து, இந்தப் பிரதியில் இல்லாத சொல் எது என்று பார்ப்போம். அந்தச் சொல் 'வேண்டாம்'. 'இப்போதே' என்று ஒரு பொத்தான், 'பிறகு நினைவூட்டு' என்று ஒரு பொத்தான். மறுப்பு என்பதே இல்லை, தள்ளிப்போடுதல்தான் உண்டு. 2016இல் இது உச்சத்துக்குப் போனது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 10க்கு மாறச் சொல்லி ஒரு அறிவிப்புப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மேம்படுத்தலாம் என்று சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதுநாள்வரை அந்தக் குறிக்குக் கம்ப்யூட்டர் உலகில் ஒரே அர்த்தம்தான்: மூடு, வேண்டாம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாற்றினார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே அந்த ஆண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார். ஒரு குறியின் பொருளைத் தலைகீழாக்கி, வாசகனின் மறுப்பைச் சம்மதமாக வாசிப்பது! இலக்கியத்தில் யாராவது இதைச் செய்திருந்தால் பின்நவீனத்துவம் என்று கொண்டாடியிருப்போம். வீட்டில் நடந்ததால் கடுப்பாகிவிட்டோம்.

இப்போது அந்தப் பிரதியின் மையமான வாக்கியத்துக்கு வருவோம். கோப்புகள் எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன.

இது வாக்குறுதி. சில சமயம் அப்பட்டமாகவே உடைந்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்தன. வெளியிட்ட சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆனால் நான் சொல்ல வருவது அந்த விபத்தை இல்லை. வாக்குறுதி முழுசாகக் காப்பாற்றப்பட்ட பிறகும் தமிழில் எழுதுகிறவருக்கு நேர்கிற இழப்பு ஒன்று உண்டு.

நம்ம ஊரில் யாரும் 'இயங்குதளத்தை மேம்படுத்தினேன்' என்று சொல்வதில்லை. 'ஓஎஸ் போட்டாச்சு' என்றுதான் சொல்வோம். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "டேட்டா எல்லாம் டி டிரைவ்லதான இருக்கு? அப்ப சி-ய ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம்." நியாயமான கேள்வி. ஆனால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. கட்டுரை டி டிரைவில் இருக்கும். எழுத்துருவோ சி டிரைவில், விண்டோஸின் எழுத்துருக் கோப்புறைக்குள் இருக்கும். ஃபார்மட் அடித்ததும் கோப்பு பிழைக்கும், எழுத்துரு போய்விடும்.

அந்தப் பழைய முறையில் கம்ப்யூட்டர் தமிழைச் சேமிக்கவே இல்லை. ஆங்கில எழுத்துகளைத்தான் சேமித்தது, அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். கோப்பு விட்ட இடத்திலேயே இருக்கிறது. ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் தமிழைக் காணோம். ஒரு ஆளுடைய நாடகமோ ஊர் வரலாறோ அரைப்புள்ளிகளாகக் கிடக்கும்போது, வீட்டில் இருப்பவர்கள் 'ஏதோ கரப்ட் ஆன ஃபைல்' என்று அதை நீக்கிவிடுவார்கள். இழப்பு அந்த இடத்தில்தான் முழுமையாகிறது.

இது யாரோ ஒருவரின் அலட்சியத்தால் வந்ததில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தாப், தாம் குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. இணையத்தில் இயங்கியவர்கள் திஸ்கியைப் பயன்படுத்தினார்கள். அச்சகங்கள் அவரவர் வாங்கிய மென்பொருளின் குறியேற்றத்தில் இருந்தன. விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழோடும் லதா எழுத்துருவோடும் வந்தது. ஆனால் அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட எவ்வளவோ தமிழ், எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்ற நினைவை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது.

யூனிகோடு வந்த பிறகு நிலைமை வேற. லதாவின் கதையையே பாருங்கள். விண்டோஸ் 8இல் நிர்மலா என்ற எழுத்துரு வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்' என்ற கூடுதல் பட்டியலுக்குப் போய்விட்டன. லதாவில் அடித்த கதையைப் புது மெஷினில் திறந்தால் வேறு முகத்தில் வரலாம், பக்கங்கள் முன்பின் நகரலாம். ஆனால் வாசிக்க முடியும். உருவம் போனாலும் சொல் நிற்கிறது.

இப்போது 'மேம்படுத்தல்' என்ற சொல்லையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அதற்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. முன்பு இருந்தது கீழ், வரப்போவது மேல். 'புதுப்பித்தல்' கொஞ்சம் நேர்மையான சொல். பழையது ஒன்று இருந்தது, அதுதான் புதுசாகிறது என்று ஒப்புக்கொள்கிறது. புதுப்பித்தலில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு, நல்லதும் கெட்டதுமாக. திருப்பணி என்ற பெயரில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த கோயில்கள் உண்டு. கோயில் விட்ட இடத்திலேயே இருக்கிறது, எழுத்துதான் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, அங்கே சிதறிக்கிடந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு வெட்டவைத்தார் என்பதுதான் முக்கியம். புதுக்கோயிலுக்குப் பழைய கணக்கு எதுக்கு என்று யாரும் விட்டுவிடவில்லை. யாரோ ஒருவர் விளக்கெரிக்கக் கொடுத்த தானம், கட்டடம் மாறியதால் செல்லாமல் போகக்கூடாது என்ற பொறுப்பு அதில் இருந்தது. இடம்பெயர்ந்த எழுத்து, தான் இடம்பெயர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. நம் மேம்படுத்தல் திரைக்குத் தெரியாத வாக்கியம் அதுதான்.

'அப்ப பழசையே வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா?' என்று கேட்கலாம். இல்லை. 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது மாட்டிக்கொண்டவை, பாதுகாப்புத் திருத்தம் போடாத மெஷின்கள்தான். ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. பூட்டு பழசானால் மாற்றத்தான் வேண்டும். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்பதும் ரகசியச் சாவிகளைத் தனியே பத்திரப்படுத்துகிற ஏற்பாடு. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பூட்டை மாற்றுவதும் வீட்டையே மாற்றுவதும் ஒன்றில்லை. 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் விண்டோஸ் 10தான் கடைசிப் பதிப்பு என்று மேடையிலேயே சொன்னார். ஆறே ஆண்டில் 11 வந்தது. 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதாவது 2017க்கு முந்தைய மெஷின்கள் அநேகமாக எல்லாமே வெளியே. 2011இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அதன் முதல் சில ஆண்டு மெஷின்களும் அந்த வரிசையில்தான். பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அது இன்னும் ஓடுகிறதா என்பது வேறு. ஓடினாலும் அது 'தகுதியற்றது'. கெட்டுப்போகாத ஒன்றைப் பழசு என்று அறிவிக்கிற அதிகாரம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. திருத்தம் மட்டும் போதும் என்பவர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் சேமிக்கச் சம்மதிக்கலாம் என்றார்கள். இங்கேயும் 'பிறகு நினைவூட்டு'தான். இந்த முறை அதற்கு விலை.

லினக்ஸுக்குப் போகலாமே என்றால், போகலாம். பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். ஆனால் அங்கே போனாலும் பாமினி தானாக வந்து நிற்காது. எழுத்தைக் காப்பாற்றுகிற வேலையை எந்த இயங்குதளமும் நமக்காகச் செய்யாது.

அதனால் இந்தப் பிரதியின் மேல் என் தீர்ப்பு இதுதான். பாதுகாப்பைப் பற்றி அது சொல்வது உண்மை, புதுமையைப் பற்றிச் சொல்வது விளம்பரம், கோப்புகளைப் பற்றிச் சொல்வது அரை உண்மை. மீதி அரையை நாம்தான் எழுத வேண்டும். வீட்டில் ஓஎஸ் மாற்றுவதற்கு முந்தின நாள் சி டிரைவின் எழுத்துருக் கோப்புறையைத் தனியே நகலெடுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து, பொங்குதமிழ், என்எச்எம் மாதிரி மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்குங்கள். மூலக் கோப்பை நீக்காதீர்கள். மாற்றிய கோப்பின் தலையில் ஒரு வரி சேருங்கள்: யார் எழுதியது, எந்த எழுத்துருவில் இருந்தது, என்றைக்கு மாற்றியது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் உளியை வைத்துக்கொண்டு செய்த வேலை. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.