கட்டாயக் கல்வியும் ஆட்குறைவும்

கட்டாயக் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சட்டத்தையே ஆராய்வர். அச்சட்டத்தை வீட்டு வாயில்வரை எடுத்துச் செல்ல வேண்டிய உத்தியோகத்தரை ஆராய்வார் மிகச் சிலரே. இக்குறை எத்துணைப் பெரிதென்பதை இங்கிலாந்தின் வரலாற்றிற் காணலாம்.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், வரவைக் கட்டாயமாக்கும் துணைவிதிகளை இயற்றும் உரிமையைப் பாடசாலைச் சபைகளுக்கு அளித்தது. 1880இல் அக்கட்டாயம் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. இலண்டன் சபை விதியை இயற்றியதோடமையாது, வீடுதோறும் சென்று விசாரிக்கும் உத்தியோகத்தரையும் நியமித்தது. எவ்வீட்டில் எத்தனை பிள்ளைகள், தந்தையின் தொழில் யாது என்பனவெல்லாம் அவர்தம் குறிப்பேடுகளில் இருந்தன. அம்மாநகரின் வறுமையை அளக்கப் புகுந்த சார்ள்ஸ் பூத் என்பார், 1889இல் வெளிவந்த தம் முதற்றொகுதிக்கு வேண்டிய செய்திகளை இவர்களை வினாவியே திரட்டினார். பிள்ளைகளைத் தேடிப் பிடிப்போர் என்று அஞ்சப்பட்டவர்களே ஏழை மக்களின் இல்லத் துன்பத்தையும் நன்கறிந்திருந்தனர் என்பது சிந்திக்கற்பாலது. பிற்காலத்தில் இவர்களுக்குக் கல்வி நல உத்தியோகத்தர் என்னும் பெயர் வழங்கியது பொருத்தமே.

2010ஆம் ஆண்டின் பின்னர் உள்ளூராட்சிச் சபைகளின் அரசாங்க மானியம் குறைக்கப்பட்டது. பல சபைகள் வழக்குத் தொடர்தல் முதலிய சட்டக் கடமைகளை வைத்துக்கொண்டு, எஞ்சிய நலப்பணியைக் கைவிட்டன. அன்றேல் பாடசாலைகளுக்கு விலைக்கு விற்றன. வீட்டுக்குச் சென்று பேசுதற்கு அனுபவமும் பொறுமையும் உடைய ஆள் வேண்டும். தண்ட அறிவித்தலை அனுப்புதற்கோ ஓர் எழுதுவினைஞர் போதும். ஆட்குறைவு நேருமிடத்து முதலில் மறைவது உதவி, எஞ்சுவது தண்டனை. 2022-23ஆம் கல்வியாண்டில் அங்கே ஏறக்குறைய 4 இலட்சம் தண்ட அறிவித்தல்கள் விடுக்கப்பட்டன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்களவு, தவணைக் காலத்திற் குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் போனமைக்காக! நோயாலோ அச்சத்தாலோ வறுமையாலோ வீட்டில் முடங்கிய பிள்ளைக்கு இதனால் யாது பயன்?

பாடசாலை அமர்வுகளிற் பத்திலொன்றோ அதற்கு மேலோ தவறவிட்ட மாணவர் 2018-19இல் நூற்றுக்கு 10.9 ஆக இருந்து, 2021-22இல் 22.5 ஆயினர். இதற்கு ஆட்குறைவே காரணமென்றல் மிகையாகும். கொள்ளைநோய் இடையிட்டமையை மறத்தலாகாது. ஆயினும், அந்நோய் வந்தபோது வாயிலிற் சென்று நிற்றற்கு உரியோர் முன்னரே குறைந்திருந்தனர். 2024 ஓகத்து மாதத்தில் ஒவ்வோர் உள்ளூராட்சிச் சபையும் வரவுக்கெனத் துணைக்குழு வைத்திருத்தல் வேண்டுமென்னும் வழிகாட்டல் சட்டவலுப் பெற்றது. அதே மாதத்திற் தண்டப்பணமும் 60 பவுணிலிருந்து 80 பவுணாக உயர்ந்தது. தண்டத்தின் தொகையைத் திட்டமாகக் கூறியவர்கள், எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் உத்தியோகத்தர் என்பதைக் கூறாது விட்டனர்.

நமக்கும் இச்செய்தி அயலதன்று. 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை வரவைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வெல்லை 16 ஆயிற்று. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் வருகைக் குழு அமைத்தற்கும் விதி உண்டு. பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆனால், குழுவில் அமர்வோர் வேறு தொழிலுடையார். கிராம உத்தியோகத்தருக்கும் அதிபருக்கும் உள்ள வேலைப்பளுவை யாரறியார்? எல்லார்க்கும் பொதுவான கடமை எவர்க்கும் உரியதல்லாத கடமையாகிவிடுகின்றது.

வகுப்பாசிரியர் செல்லலாகாதோ எனின், செல்கின்றனர். பாடசாலை விட்டபின் துவிச்சக்கர வண்டியிற் சென்று விசாரித்து வருவோர் நம்மிடையே பலர். எனினும் ஆசிரியரைக் கண்ட பெற்றோர் நாணத்தால் உண்மையை மறைத்துக் “காய்ச்சல்” என்பர். தாய் வெளிநாட்டிற் பணிப்பெண்ணாயிருக்க, மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதை அயலாரே சொல்வர். சொல்லக் கேட்டும், அக்குழந்தைக்கு வேறு காப்பு ஏற்பாடு செய்ய ஆசிரியருக்கு அதிகாரமோ நேரமோ இல்லை. 2022இல் எரிபொருட் பஞ்சத்தாற் பாடசாலைகள் மூடப்பட்டுத் திறந்தபோது பேருந்துக் கட்டணத்திற்கு வழியின்றி நின்ற பிள்ளைகளையும் இடாப்பு “வரவில்லை” என்றே குறித்தது.

கல்விக் கோட்டமொன்றிற்கு ஒருவரேனும், வேறு வேலை எதுவும் சுமத்தப்படாத முழுநேர உத்தியோகத்தராக, சமூகப்பணிப் பயிற்சியோடும் போதிய பிரயாணப்படியோடும் பணியாற்றல் வேண்டும். வரவு இடாப்பின் பிரதி மாதந்தோறும் முதலில் அவர் கைக்கே செல்லல் வேண்டும்.