கழுதைக்கு ஒரு கோயில்

தமிழில் எடுக்கப்பெற்றுத் தேசிய விருதும் பெற்று, தமிழர் பெரும்பாலோரால் காணப்படாமலே போன படம் ஒன்று உண்டு. 1977-இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்பது அதன் பெயர். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படம் என்னும் விருது அதற்கே கிடைத்தது. எனினும் வணிகத் திரையரங்குகளில் ஓடி நிலைபெறும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. எண்பதுகள் முடியும் தறுவாயில் தூர்தர்ஷனில் காட்டப்பெறும் என்று அறிவித்து, பின்னர் அதனையும் கைவிட்டனர். திரைப்படச் சங்கங்களின் சிறு கூடங்களிலும் தேய்ந்த பிரதிகளிலும், ஒருவர் சொல்ல மற்றொருவர் தேடிக் காணும் வழியிலுமே அது உயிர்வாழ்ந்து வருகிறது. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வைப்பின் தீவிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அதனைத் தேடிக் காணல் வேண்டும் என்று பரிந்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

இப்படத்தின் மீது நமக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. இதனை இயக்கியவர் மலையாளி. 1937-இல் பிறந்து, ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையை உதறிவிட்டு, பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். திரைக்கதையோ தஞ்சைத் தமிழரான திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதனுடையது. இருமொழியார் கூடிச் செய்த ஆக்கம், இருமொழிக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கன்றி வேறு யாருக்கு முதலில் உரியது?

பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சென்னை இளைஞர் இசைக்குழுவைக் கட்டி வளர்த்தவர் என்று தமிழர் அறிவர். ‘சில்லு’, ‘எலிப்பத்தாயம்’ முதலிய படங்களின் இசைக்காக மலையாளிகள் அறிவர். ஃபோர்ட் கொச்சியில் பிறந்த யேசுதாஸ் 1961-இல் திரைப்படத்துக்கென முதன்முதல் பாடியது இவரது இசையில்தான். அன்று பாடப்பெற்றது சாதி வேற்றுமையை மறுக்கும் நாராயண குருவின் செய்யுள். கழுதையைத் தோளணைத்து நிற்கும் அந்த மெலிந்த பேராசிரியரைத் திரையில் காணும்போது இச்செய்தியை நினைவில் கொள்வது நன்று.

கதை சிறிது. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று பேராசிரியரின் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. அவர் அதனை வளர்க்கத் தலைப்படுகிறார். கல்லூரியில் நகைக்கின்றனர். ஊருக்குக் கொண்டுசென்று அக்கிரகாரத்து வீட்டில் விட்டு, உமா என்னும் ஊமைப் பெண்ணிடம் காக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறார். ஊரில் நேரும் ஒவ்வொரு தீங்கும் கழுதையின் தலையில் ஏறுகிறது. உமா ஈன்ற சிசு இறந்து பிறக்க, அச்சிறு உடல் கோயிலருகே கிடக்கக் கண்டதும், அந்தத் தீட்டுக்கும் கழுதையே காரணம் என்று தீர்ப்பாகிறது. அடித்துக் கொல்கின்றனர். பின்னர் ஊரில் சில நன்மைகள் நிகழவே, அவை யாவும் கொன்ற கழுதையின் அருள் என்று எண்ணி, அதற்குக் கோயில் எழுப்ப முற்படுகின்றனர். முடிவில் எழும் நெருப்பு ஊரையே உண்கிறது. பேராசிரியரும் உமாவும் மட்டுமே எஞ்சுகின்றனர்.

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966-இல் எடுத்த ‘ஓ அசார் பல்தசார்’ என்னும் படமும் ஒரு கழுதையின் வாழ்வைக் கூறுவதே. அதன் சாயல் இதில் உண்டு என்பர், உண்மையே. ஆயின் அதனோடு நிறுத்திவிட்டால் இப்படத்தை அறிந்தவராக மாட்டோம். பிரெஸ்ஸோனின் கழுதை துயருற்று மடிகிறது, தெய்வமாவதில்லை. கொன்றவர்களே கொல்லப்பட்டதை வணங்கும் அந்த இரண்டாம் பகுதி நம் மண்ணுக்கே உரியது. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இன்று காவல் தெய்வம். அந்தணக் குலத்தில் பிறந்து, சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, வெட்டுண்டு மாண்டவன் முத்துப்பட்டன். பாபநாசத்து மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்கும் வழிபாடு நடைபெறுகிறது. உயிரோடிருக்கையில் தெருவுக்குள் விட மறுத்தவனை, கொன்ற பின்னர்ப் பொங்கலிட்டு வணங்கும் வழக்கம் நம்முடையது. அச்சமும் குற்றவுணர்வும் கலந்த அந்தப் பக்தியை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறொன்று நாம் அறிந்தவரை இல்லை. அங்கதம் என்று மட்டும் இதனை வகைப்படுத்துவோர் இந்தக் கூர்மையைத் தவறவிடுகின்றனர்.

கழுதையைத் தேர்ந்ததும் பொருத்தமே. பகைவர் அரணை அழித்து அந்நிலத்தைக் கழுதை ஏர் பூட்டி உழுததைப் புறநானூறு பேசுகிறது. இழிவு செய்வதற்கு அவ்விலங்கே கருவி. மூதேவிக்கும் அதுவே ஊர்தி. ஆயினும் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்ற எழுத்தோடு கழுதைப் படத்தைக் கடைவாயிலில் மாட்டுவோரும் நாமே. இகழ்ச்சிக்கும் யோகத்துக்கும் ஒரே விலங்கு! போதாக்குறைக்கு, அது சலவைத் தொழிலாளரின் பொதி சுமந்த விலங்கு. ஃபோர்ட் கொச்சி வெளியில் டோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் நம்மவர். டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர் எனப்படுவர். நம் சங்கக் கூட்டங்களில் எந்த வரிசையில் அவர்கள் அமர்கின்றனர் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். பிழைப்புத் தேடி மலை கடந்து வந்தபோது பெட்டியில் மொழியை மட்டுமா வைத்துக்கொண்டு வந்தோம்? வாடகைக்கு வீடு கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் ஊரும் தெருவும் விசாரிக்கும் அந்தப் பழைய கணக்கும் உடன் வந்தது.

வைப்பின் தீவில் இருந்துகொண்டு இதனைக் காண்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. 1917 மே 29-இல் இத்தீவின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். கலந்துகொண்டோர் சொந்தச் சாதியாராலேயே விலக்கப்பட்டனர். ‘புலையன் அய்யப்பன்’ என்று இகழ்ந்தனர்; அதனையே அவர் பட்டமாக ஏற்றார். படத்தின் பேராசிரியரோ அத்துணைத் துணிவுடையவர் அல்லர். அவர் இரங்குகிறார், ஒப்படைக்கிறார், திரும்பிச் செல்கிறார். அவர் இல்லாதபோதே கொலை நடக்கிறது. நல்லுள்ளம் மட்டும் படைத்த படித்தவர் எவ்வளவு பயனற்றவராகக் கூடும் என்பதை மறைக்காமல் காட்டியது இப்படத்தின் நேர்மை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவு நன்றாக இல்லை. சில உரையாடல்களைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியுள்ளது. துணைப் பாத்திரங்களில் சிலர் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசுகின்றனர். அக்கிரகாரத்து மனிதர் ஏறத்தாழ அனைவரும் ஒரே வார்ப்பாக இருப்பது இன்னும் பெரிய குறை. ஐயுறும் ஒரு முதியவரையேனும் படைத்திருக்கலாம். இது ஒரு சமூகத்தைப் பழிக்கும் படம் என்று மனம் வருந்துவோர் நம்மிடையேயும் இருப்பர். அவர்கட்கு நாம் கூறுவது: எழுதிய வெங்கட் சாமிநாதனும் நடித்த சீனிவாசனும் அச்சமூகத்தில் பிறந்தோரே. தம் வீட்டு முற்றத்தைத் தாமே பெருக்கியவரைக் கோபிப்பது எங்ஙனம்? மேலும், பலிகடா தேடும் தெரு அக்கிரகாரம் ஒன்றே அன்று. எந்தத் தெருவின் பெயரை அங்கு இட்டாலும் கதை நடக்கும்.

எப்படிக் காண்பது என்பது குறித்தும் ஒரு சொல். கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடும் படம். விரைவும் ஆடலும் எதிர்பார்த்து அமர்வோர் முதற் கால் மணியில் எழுந்துவிடக் கூடும். அதனைப் பொறுத்துக்கொண்டால் போதும். இறந்த சிசுவின் காட்சி இருப்பதால் சிறு குழந்தைகளோடு காண வேண்டா. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைக் கட்டாயம் உடன் அமர்த்துக. அண்டை வீட்டு மலையாளிகளையும் அழைக்கலாம். ஜான் என்றாலே அவர்கள் வருவார்கள். அவர் எடுத்தவை நான்கே கதைப்படங்கள். 1987-இல் கோழிக்கோட்டில் மறைந்தார். ஊர்தோறும் மக்களிடம் சிறு தொகையாகத் திரட்டி ஒடேசா குழுவினரோடு 1986-இல் அவர் முடித்த ‘அம்ம அறியான்’, மகன் இறந்த செய்தியைத் தாயிடம் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை வரும் பயணம். கழுதைப் படத்தைக் கண்டவர்கள் அடுத்து அதனைக் காண விரும்புவர். அதிலும் வழிகாட்டுவோர் தேவையில்லை. பயணம் வந்து முடியும் ஊர் நாம் வாழும் ஊர்.