கண்ணப்ப நாயனார் சரிதமும் சிறார் கதைநூல்களும்

சிறார்க்கெனக் கதை எழுதப் புகுவார் பெரியபுராணத்தினின்றும் முதற்கண் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கண்ணப்ப நாயனார் சரிதமேயாம். காடும் வேட்டையும் வலையறுத்தோடும் பன்றியும் இளையோருள்ளத்தைத் தாமே ஈர்ப்பனவாதலின் அத்தெரிவு குற்றமுடையதன்று. ஆயினும், அந்நூல்களிற் பலவற்றுள் இச்சரிதம் இரண்டே நிகழ்ச்சிகளாகச் சுருங்கிவிடுகின்றது. வேடனொருவன் இறைவற்கு இறைச்சி படைத்தான். பின்னர்த் தன் கண்ணை இடந்து அப்பினான். இவ்விரண்டற்கும் முன்னும் இடையும் சேக்கிழார் பெருமான் அமைத்துவைத்தன யாவும் விரிவஞ்சி விலக்கப்படுகின்றன. விலக்கப்பட்டவை வெறும் வருணனையாயின் இழப்பு சிறிதே. அவை சரிதத்தின் உயிர்நிலையாயின் எஞ்சுவது யாது?

திண்ணனார் முறையொன்றும் அறியாது மனம்போனவாறு பூசித்தார் என்று இக்கதைநூல்கள் கூறும். புராணம் அங்ஙனங் கூறவில்லை. காளத்தி மலைமேற் குடுமித்தேவரைக் கண்டு தழுவி உருகிய திண்ணனார், திருமேனியின்மேற் கிடந்த பச்சிலையையும் பூவையும் கண்டு, இது செய்தவர் யார் என வினவுகின்றார். உடன்வந்த நாணன், முன்னொருநாள் அவர் தந்தை நாகனோடு அங்கு வந்த காலத்து, அந்தணர் ஒருவர் குளிர்ந்த நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு ஊட்டிச் சென்றதைத் தான் கண்டதாக விடையிறுக்கின்றான். அச்சொல்லே திண்ணனார்க்கு உபதேசமாயிற்று. நீராட்டல், மலர் சூட்டல், அமுது ஊட்டல் என்னும் மூன்றையும் அம்முறையே அவர் செய்தார். பொருள் வேறுபட்டதேயன்றி வழிபாட்டின் உறுப்புக்கள் வேறுபடவில்லை. நாணன் கூறிய இச்சிறு விடையை நீக்கிய நூல், ஆகம பூசைக்கும் அன்பு வழிபாட்டிற்கும் இல்லாததொரு பகையைப் பிள்ளைகள் நெஞ்சில் விதைத்துவிடுகின்றது.

வாயில் நீர் கொணர்ந்தமையைக் கேட்டுச் சிறார் நகைப்பர். நகைக்கட்டும், அதனாற் கேடில்லை. ஆனால் அதற்குக் காரணம் ஆசிரியராற் கூறப்பட்டிருத்தலை அவர்க்குச் சொல்லவேண்டுமன்றோ! ஒரு கையில் வில். மற்றொரு கையிற் பதம்பார்த்துத் தெரிந்த இறைச்சி நிறைந்த கல்லை. வில்லை விட்டுச் செல்லுதல் இயலாது. கொடிய விலங்கு திரியும் மலையில் தனித்திருக்கும் பெருமானைக் காத்தல் வேண்டும். இரு கையும் இங்ஙனம் நிறைந்தமையின் நீருக்கு வாயும் மலருக்குத் தலைமயிருமே இடமாயின. இதனைச் சொல்லியவழி, நகைத்த பிள்ளையே அடுத்த கணத்தில் நகையொழிந்து அவ்வேடர் கோமானது இடர்ப்பாட்டை உணரும்.

அந்நான்கையும் சேக்கிழார் ஈண்டுப் பொருளின்றி எண்ணி வைத்தாரல்லர். ஆறாம் நாள் தீநிமித்தங் கண்டு விரைந்து மீண்ட திண்ணனார் காளத்தியப்பரது வலக்கண்ணினின்று உதிரம் பாயக் காண்கின்றார். கண்டவளவில் வாய்நீர் சிந்துகின்றது, இறைச்சி சிதறுகின்றது, வில் விழுகின்றது, குஞ்சியிலிருந்த மலர் சோர்கின்றது, அவரும் நிலத்தில் விழுகின்றார். ஆறு நாளாக எவற்றைத் தாங்கினாரோ அவையனைத்தும் ஒருகணத்தில் அவரை விட்டு நீங்கின. முன்னர்க் கைநிறைந்த நிலையைக் கேளாத பிள்ளைக்கு இவ்வீழ்ச்சியின் பொருள் விளங்குமாறில்லை.

கண்ணிடக்குஞ் செய்தி இளையோர்க்கு அச்சந் தருமென்று கூறி அதனை மறைத்தும் மென்மைப்படுத்தியும் எழுதுவார் உளர். அவர் கருத்து இகழத்தக்கதன்று. எனினும் அச்சத்திற்கு ஏது அச்செய்தியன்று; அதற்கு முன் நிகழ்ந்தவற்றை அறுத்துவிட்டமையேயாம். எழுந்த திண்ணனார் முதலில் வில்லும் அம்பும் எடுத்துத் தீங்கு செய்தாரைத் தேடுகின்றார். வேடரையும் காணார், விலங்கையும் காணார். மீண்டு வந்து பெருமானைக் கட்டியழுகின்றார். பின்னர் அம்புபட்ட புண்ணிற்கு வேடர் இடும் பச்சிலையை நினைந்து, தாழ்வரையிற் சென்று பறித்துவந்து பிழிகின்றார். உதிரம் நிற்கவில்லை. ஊன் குறைக்கு ஊனே மருந்து என்னும் பழமொழி அதன்பின்னரே அவர் நினைவில் எழுகின்றது. அறிந்த வழிகளையெல்லாம் வரிசையாக முயன்று, அவை பயன்படாதவிடத்து எஞ்சிய மருந்தினைத் தம் முகத்திலேயே கண்டார். உதிரம் நின்றபொழுது தம் வலியை எண்ணாது துள்ளிக் கூத்தாடினார். இடக்கண்ணிலும் உதிரம் பெருகக் கண்டு அவர் சிறிதும் அஞ்சாமைக்கும், இடம் தெரிதற்பொருட்டுத் திருக்கண்ணில் அடியூன்றியமைக்கும் காரணம் ஒன்றே; மருந்து அகப்பட்டுவிட்டது. இம்முறையிற் கூறப்படுங்கால் இச்சரிதம் அச்சுறுத்துவதன்று; அழுவிப்பது.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1850-ஐ அடுத்த ஆண்டுகளில் பாலபாடங்களை அச்சிட்டு, 1852-இற் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். எளிமையாக்குதல் என்பது நிகழ்ச்சியை வெட்டுதலன்று, நடையை நேராக்குதலே என்பது அவ்வசனத்தை வாசிப்பார்க்கு விளங்கும்.

சிவகோசரியாருக்குச் சிறார் நூல்கள் இழைக்குங் குறை இவையனைத்தினும் பெரிது. சிலவற்றில் அவர் பெயரேயில்லை. சிலவற்றிற் சினமும் செருக்குமுடைய ஒருவராய் வந்து போகின்றார். புராணத்தில் அவர் நாடோறும் எலும்பும் இறைச்சியுங் கண்டு நடுங்கி, இடத்தைத் தூய்மை செய்து, நீராடி வந்து, ஆகம விதிப்படி பூசித்து, இது செய்தார் இன்னாரென்றறியாது வருந்தும் தவமுனிவர். இறைவன் அவரைக் கனவிற் கடிந்திலன். அவ்வேடனது செயலெல்லாம் தனக்கு இனியவாமாற்றைத் தெரிவித்து, மறுநாள் தன் பின்னே ஒளித்திருந்து காணுமாறு பணித்தான். உதிரம் பெருகிய திருவிளையாட்டு அவர் காணும்பொருட்டே நிகழ்ந்தது. தம் கண்ணிற் கணைமுனை ஊன்றிய திண்ணனாரைக் காளத்தியப்பரது திருக்கரம் பற்றித் தடுத்து, கண்ணப்ப என்றழைத்த அந்நேரத்தில், அதனை மறைவிலிருந்து கண்டுநின்ற கண்கள் சிவகோசரியாருடையன.