நஞ்சியம்மாவின் பாட்டும் சுருதி விவாதமும்

நஞ்சியம்மா இருளர் மொழிப் பாடகி. கோவை மாவட்டத்தின் ஆலங்கண்டியில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின் எல்லையைக் கடந்து அட்டப்பாடியின் நக்குபதியில் குடியேறினார். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர். பழனிசாமி வழிநடத்திய ஆசாத் கலைக்குழுவில் பாடிவந்தார். சச்சி இயக்கி 2020-ல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் பாடியதற்காக, 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடம் அவர் விருது பெற்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

நஞ்சியம்மாவைக் கேரளப் பாடகி என்று மட்டும் குறிப்பது போதாது. 1956-ல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்படும் வரை அட்டப்பாடி அடங்கிய மலபார் மாவட்டமும் கோவை மாவட்டமும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. ஆனைகட்டியில் இன்று சோதனைச் சாவடி இருக்கிறது. இருளர்களின் கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அதை மதிப்பதில்லை. நஞ்சன், நஞ்சி ஆகியவை கொங்கிலும் நீலகிரியிலும் புழங்கும் பெயர்கள். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழி. படத்தின் புகழ்பெற்ற பாட்டு ‘களக்காத்த’ என்று தொடங்குகிறது. இதன் பொருள் கிழக்குப் பக்கம் என்பது. மலையாள எழுத்து வழியாக வந்ததால் தமிழ்க் கேட்பவர்கள் பலர் இச்சொல்லைத் தங்களுடையதென்று அடையாளம் காணவில்லை.

பாட்டின் செய்தி மிக எளியது. கிழக்கே சந்தன மரம் பூத்திருக்கிறது, பூப்பறிக்கப் போகலாமா, வானூர்தியைப் பார்க்கலாமா என்று ஒரு குரல் கேட்கிறது. குழந்தைக்கு வேடிக்கை காட்டும் பாட்டின் அமைப்பு இது. சந்தன மரத்துக்குப் பக்கத்தில் விமானம் வந்து நிற்பதுதான் இதன் அழகு. பழங்குடிப் பாட்டு என்றதும் நாகரிகம் தீண்டாத காட்டை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த விமானம் இடையூறாக இருக்கும். காட்டில் இருப்பவர்களுக்கும் வானம் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

விருது அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்பு வந்தது. நஞ்சியம்மாவால் சுருதியோடு சேர்ந்து பாட இயலாது, பயிற்சி கொடுத்தாலும் வழக்கமான திரைப்பாடல் ஒன்றை அவரால் பாட முடியாது, இசைக்காகவே வாழ்ந்தவர்களுக்கு இது அவமதிப்பு என்று இசைக்கலைஞர் ஒருவர் காணொளியில் பேசினார். ஆதரவாளர்கள் உடனே திரண்டனர். ஆனால் அவர்களில் பலர் சொன்ன பதில் பலவீனமானது. அவர் இதயத்திலிருந்து பாடுகிறார், அது மண்ணின் குரல் என்றார்கள். சுருதி இல்லை என்ற குற்றச்சாட்டை இந்தப் பதில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறது.

அமெரிக்காவின் புளூஸ் இசை இந்த வழக்கை நூறாண்டுக்கு முன்பே சந்தித்தது. பருத்தித் தோட்டங்களின் கறுப்பினப் பாடகர்கள் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்களைச் சற்றுத் தாழ்த்திப் பாடினார்கள். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் ஒலிகள் அவை. மேற்கத்திய இசைப்பள்ளியின் கணக்கில் அவை பிழை. பின்னர் அவற்றுக்கே ‘நீலச் சுரம்’ என்று பெயர் வந்தது. இன்று அவற்றைப் பாடமாக வைத்துக் கற்பிக்கிறார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் சில தட்டுகள் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பி, பண்ணை வேலை பார்த்தார். 1963-ல் ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் முதியவர். அவருடைய பாட்டு அதே பாட்டுதான். அதற்கு வைக்கும் அளவுகோல் மாறியிருந்தது.

இருளர் பாட்டு பொறை, தவில், கொகால், ஜால்ரா ஆகியவற்றோடு, ஆடுபவர்களின் காலடியோடு சேர்ந்தது. அங்கே பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் தாளமே முதல் ஒழுங்கு. தம்பூராவின் நிலைத்த ஒலியை அளவுகோலாக வைத்து அதைச் சோதிப்பது, தராசை வைத்து நீளம் அளப்பது போன்றது. கொங்கின் உடுக்கைப் பாட்டுக்கும் இது பொருந்தும். 1965-ல் அண்ணன்மார் கதையைப் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, அந்தப் பாடகரின் திறமை பல இரவுகள் கதையைக் குலையாமல் நடத்திச் செல்வதில் இருந்தது.

எதிர்ப்பாளரின் வாதத்தில் ஒரு பகுதி மட்டும் நியாயமானது. பின்னணிப் பாடகர் என்பவர் இன்னொருவர் எழுதி, வேறொருவர் மெட்டமைத்ததை, மற்றொரு முகத்துக்காகப் பாடுபவர். நஞ்சியம்மா செய்தது அந்தத் தொழில் அல்ல. பாட்டின் சொற்கள் அவருடையவை. படத்தில் அவரே நடித்தும் இருக்கிறார். கேரள அரசின் விருதுக்குழு இதைத் தவிர்க்க ஒரு வழி கண்டது: சிறந்த பாடகி விருதை வேறொருவருக்குக் கொடுத்து, நஞ்சியம்மாவுக்குச் சிறப்பு நடுவர் விருது அளித்தது. மரியாதையான முடிவுதான், ஆனால் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடும் மரியாதை. தேசியக் குழு அவரை உள்ளே அழைத்தது. வகை பொருந்தவில்லை என்றால் திருத்த வேண்டியது வகையைத்தான்.

படத்தின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஜேக்ஸ் பிஜாயின் இசைக்கோப்பு குரலை மூடாமல் அதன் பின்னால் நடக்கிறது. அது நல்ல தீர்மானம். ஆனால் கதை இரண்டு ஆண்களின் வீம்பைப் பற்றியது. அட்டப்பாடி அதற்கு முரட்டுத்தனமான பின்புலம், பாட்டு அந்தப் பின்புலத்தின் நிறம். முன்னோட்டக் காணொளியில் பிரித்விராஜையும் பிஜு மேனனையும் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று நஞ்சியம்மா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வெகுளித்தனம் என்று இணையம் கொண்டாடியது. நஞ்சியம்மாவின் பாட்டைப் பற்றி அந்த நடிகர்களுக்கு முன்பே தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

சச்சி 2020 ஜூனில் இறந்தார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்கு மறைவுக்குப் பின் வந்தது. பதிவில் இசையமைப்பாளர் என்று பிஜாயின் பெயரும், பாடலாசிரியர் என்று நஞ்சியம்மாவின் பெயரும் இருக்கின்றன. தலைமுறைகளாக ஊரில் கைமாறி வந்த இருளர் மெட்டுக்கு உரியவர் யார் என்பதை எழுத அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் கிடையாது.