ஐம்பது கிராம்

மல்ச்சர் ஓடுவதைக் காதால் எடைபோடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் குறைந்துவிட்டார்கள். கலசபாக்கம், போளூர், செய்யாறு என்று எங்கே கரும்பு வெட்டு முடிந்தாலும் சோகை காய்வதற்குள் அதை நறுக்க மல்ச்சரோடு டிராக்டர் இறங்கிவிடுகிறது. வரப்பில் நிற்பவர்கள் டீசல் எவ்வளவு, மணிக்கு என்ன வாடகை என்று பேசிக்கொள்கிறார்கள். பின்னால் சுற்றும் ரோட்டரை ஒருவரும் கேட்பதில்லை. நல்ல ரோட்டருக்கு ஒரே சுருதிதான். சோகை கனமாகக் கிடக்கும் இடத்தில் கொஞ்சம் இறங்கும், கடந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். சரியில்லாத ரோட்டரில் அந்த ஒலிக்குள் இன்னொரு ஒலி, ஒரு துடிப்பு, விட்டுவிட்டு வரும். அது டிரைவர் சீட்டில் அதிர்வாகத் தெரிய ஆரம்பிப்பதற்குள் பேரிங் பாதி போயிருக்கும்.

இந்தக் கருவியில் என் மனசைப் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம். பிளேடு தொங்குகிறது. ரோட்டவேட்டரில் பிளேடை ஃபிளாஞ்சோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள், அது அசையாது. மல்ச்சரை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹூடுக்குள் எட்டிப் பாருங்கள். ரோட்டர் குழாயைச் சுற்றிலும் அத்தனை பிளேடும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் ஆடும். அந்தத் தொளதொளப்பைப் பார்த்து, புதிதாக வாங்கியவர்கள் போல்ட்டை இறுக்கச் சொல்வதும் உண்டு. சுற்ற ஆரம்பித்ததும் அவை வேகத்தினாலேயே நிமிர்கின்றன. கல்லில் பட்டால் பின்னுக்கு மடங்கிக் கொடுத்து, அடுத்த சுற்றுக்குள் மறுபடி நிமிர்ந்துவிடும். கூர்மை, அகலம், குதிரைசக்தி எல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

ஆனால் தொங்குகிற பிளேடுக்கு எடைதான் எல்லாம். டிராக்டரின் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது ரோட்டர் பெரும்பாலும் 2000 சுற்றை ஒட்டி ஓடும். பிளேடின் எடை ஒரு கிலோ, அது மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். அந்த வேகத்தில் அது தன் போல்ட்டை இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 900 கிலோ. எதிரெதிரே இரண்டு பிளேடும் சமமாக இருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது தின்றுவிடும். 50 கிராம் கூடக்குறைய இருந்தால் 45 கிலோ இழுப்பு பாக்கி நின்றுவிடும். அந்த 45 கிலோ நொடிக்கு 33 தடவை சுற்றிச் சுற்றி வந்து இரண்டு பக்கத்துப் பேரிங்கையும் குத்தும். நான் வாத்தியார் வேலை பார்த்தவன் இல்லை, ஆனால் இந்தக் கணக்கை மட்டும் டீக்கடையில் பேப்பர் ஓரத்தில் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை.

கணக்கே போடாமல் இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு மேஸ்திரி திருவண்ணாமலைக்கு வெளியே இருக்கிறார். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவரிடம் இரண்டு தட்டு வைத்த பழைய மளிகைக்கடைத் தராசு ஒன்று தொங்குகிறது. எலக்ட்ரானிக் தராசு வாங்கலாமே என்று கேட்டேன். "எவ்ளோ எடைன்னு எனக்கு எதுக்கு சார்? ரெண்டும் சமமா இல்லியா, அதான கேள்வி" என்றார். அவர் பிளேடு போடுவதைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாம். எல்லாவற்றையும் கழற்றி, மண்ணும் துருவும் போகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தரையில் வரிசையாக அடுக்குவார். பிறகு ஒன்றை ஒரு தட்டிலும் மற்றொன்றை மறு தட்டிலும் வைத்து முள்ளைப் பார்ப்பார். நேர் நின்றால் இரண்டின் மேலும் சாக்பீஸால் ஒரே எண். நிற்காவிட்டால் அடுத்தது. தேய்ந்ததற்குத் தேய்ந்தது ஜோடி, புதியதற்குப் புதியது. இரண்டையும் குழாயில் நேர் எதிரெதிரே மாட்டுவார். கொஞ்சம் கனமாக இருப்பதை கிரைண்டரில் சீவிச் சமமாக்கும்போதும் ஒரு கண்ணை நிறத்தின் மேல் வைத்திருப்பார். எஃகு நீலம் பாரித்தால் பதம் போயிற்று, அந்த பிளேடு கூராக இருந்தும் பயனில்லை. போல்ட் பழையது, ஆனால் நைலான் வைத்த நட் ஒவ்வொரு தடவையும் புதியது. கடைசியில் ஒவ்வொரு பிளேடையும் விரலால் ஒரு சுண்டு. தாராளமாக ஆட வேண்டும், பக்கவாட்டில் லொடலொடக்கக் கூடாது. லொடலொடத்தால் புஷ் மாற்ற வேண்டும்.

ஒரு பிளேடு உடைந்து வந்தால் எதிரே இருப்பதையும் கழற்றிவிடுவார். எந்த ஊர் உரிமையாளரும் இதற்குச் சண்டை போடாமல் இருந்ததில்லை. உடைந்தது ஒன்று, காசு இரண்டுக்கா என்பார்கள். "நல்லா இருக்கறத வீட்டுக்கு எடுத்துக்கினு போண்ணா. அதுக்கு ஜோடி கெடைக்கும்போது மாட்டித் தரேன்" என்பது அவருடைய நிலையான பதில். ரோட்டர் குழாயின் மேல் அங்கங்கே சிறு இரும்புத் துண்டு பற்றவைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். தயாரித்த இடத்தில் சமன் பார்த்து வைத்த எடை அது. பெயின்ட் அடிக்கக் கொடுத்த இடத்தில் அதை வெல்டிங் பிசிறு என்று நினைத்துச் சுத்தமாகச் சீவிக்கொடுத்த புண்ணியவான்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்படி வந்த ரோட்டரை இரண்டு கத்திமுனை இரும்பின் மேல் படுக்கவைத்து, எந்தப் பக்கம் கீழே இறங்குகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் எடை ஏற்றிக் கொடுத்ததையும் பார்த்தேன். பணம் எவ்வளவு வாங்கினார் என்று கேட்காதீர்கள், எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ரோட்டவேட்டர் கட்சிக்காரர்கள் இதையெல்லாம் வேலை மெனக்கெட்ட வேலை என்பார்கள். எனக்கு ரோட்டவேட்டர் மேல் வருத்தமில்லை. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில் 1912இல் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் அப்பா பண்ணையில் அதைச் செய்து பார்த்ததும், மண் பக்கவாட்டில் எறியப்படுவதைத் தடுக்க பிளேடை எல் வடிவத்தில் வளைத்ததும் பெரிய காரியங்கள்தாம். நெல் கழனியில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை நீளநீளமாகக் கிடக்கும் கரும்புத் தோட்டத்தில் அதை இறக்கினால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, மறுதாம்பு விடப்போகிற கட்டையையும் பெயர்த்துவிடும்.

கொளுத்துகிறவர்கள் கட்சி தனி. ஒரு தீக்குச்சியில் முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை இரும்பு என்பது அவர்கள் வாதம். வரப்புப் பனைகளைப் போய்ப் பார்க்கட்டும். பச்சைப் பனையை வெட்ட இன்றைக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். அடியில் சோகையைக் கொளுத்தி அதையே நின்ற நிலையில் கருக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோடையில் மலையில் புல் பற்றிக்கொண்டால் மட்டும் ஊரே அண்ணாந்து பார்த்து அங்கலாய்க்கிறது. அங்கே தீத்தடுப்புக் கோடு போட ஆள்தான் ஏற வேண்டும், டிராக்டர் ஏறாது. கழனிக்கு அந்தச் சாக்கு இல்லை.

மாட்டுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம். டாப் லிங்க்கும் இரண்டு லோயர் லிங்க்கும் சேர்ந்த மூன்று புள்ளிக்காக ஹாரி ஃபெர்குசன் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தம் வழக்காகி, 1952இல் 92.5 லட்சம் டாலரில் முடிந்தது. சென்னையில் 1960இல் டாஃபே தொடங்கியபோது அந்த மனிதரின் பெயர் மாஸே ஃபெர்குசனாக நம் வரப்புக்கும் வந்து சேர்ந்தது. அப்பேர்ப்பட்ட மூன்று புள்ளியை நம் டிரைவர்கள் டிரெய்லர் கொக்கி அளவுக்குத்தான் மதிக்கிறார்கள். பின் மாட்டியதும் ஓட்டம். டாப் லிங்க்கைத் திருகிப் பார்ப்பதே இல்லை. அதைக் குறுக்கினால் மல்ச்சரின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், ரோலர் காற்றில் உருளும். நீட்டினால் பாரம் ரோலரில் உட்காரும். உட்கார்ந்த பிறகு, பிளேடு கட்டைக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி ரோலரின் துளையை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டை சீவுவது வேறு வேலை, அதற்கு மண்வெட்டி உண்டு, தனிக் கருவியும் உண்டு. மல்ச்சரில் கிழிபட்ட கட்டையிலிருந்து உருப்படியான மறுதாம்பு கிளம்பாது.

பி.டி.ஓ. ஷாஃப்டில் ஒரே ஒரு விஷயம் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். இரண்டு முனைக் கவையும் ஒரே வாட்டத்தில் நிற்கிறதா பாருங்கள். கழுவுவதற்காக ஷாஃப்டை உருவி, மறுபடி செருகும்போது ஒரு பல் மாறிவிட்டால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் ஏறி இறங்கும், கிராஸ் பேரிங் சீக்கிரம் போகும், பழி கம்பெனி மேல் விழும். பெல்ட்டுக்கும் அதே நியாயம்தான். நாலில் ஒன்று அறுந்தால் நாலையும் மாற்றுங்கள், மாற்றியதும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இழுப்பு பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயில் 90ஆம் நம்பர். ரோட்டர் பேரிங்குக்கு கிரீஸ் இரண்டு அழுத்து, போதும். பாசம் அதிகமாகி அடித்துக்கொண்டே இருந்தால் சீல் பிதுங்கும்.

ஒய் பிளேடா, சுத்தியல் பிளேடா என்பது எங்கள் வட்டத்தில் தீராத வழக்கு. இது கல்லுக்குப் பேர்போன மாவட்டம், ஆகவே சுத்தியல்தான் என்று செங்கம் பக்கத்து நண்பர் ஒருவர் அடித்துப் பேசுவார். தென்னை மட்டைக்கும் முள்செடிக்கும் அவர் சொல்வது சரி. சோகைக்கு நான் ஒய் கட்சி. சுத்தியல் சோகையை நசுக்கிப் பஞ்சாக்குகிறது, ஒய் நறுக்குகிறது. நறுக்கிய சோகை பாரில் சீராகப் படியும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், களையை எழும்ப விடாது. பொடிப்பொடியாகக் காற்றில் பறக்கும் சோகையைப் பார்த்து, ஆகா என்ன மாவு என்று மெச்சுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கல்லுக்குப் பயந்தால் முன்னால் தொங்கும் சங்கிலித் திரையை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களே இன்று பாதி. 50 மீட்டர் வேகத்தில், அதுவும் ஒரு நொடிக்கு, பிளேடு நுனி போகிறது. அதில் அடிபட்ட கருங்கல் சில்லு, வேடிக்கை பார்க்கும் பையனின் கண்ணுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

முன்பு இந்தக் கருவி அபூர்வமாக இருந்தபோது, ஓட்டுகிறவர்கள் அதன் மேல் ஒரு பயபக்தி வைத்திருந்தார்கள். மணிக்கணக்கு வாடகை வந்ததும் அது போயிற்று. டீசல் மிச்சம் பிடிக்க ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுகிறார்கள். பி.டி.ஓ. 540லிருந்து 400க்கு இறங்கினால் பிளேடை நிமிர்த்தும் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். நிமிராத பிளேடு சோகையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். பிறகு அதே பாரில் இன்னொரு தடவை ஓட்டி, அதற்கும் சேர்த்து வாடகை. லோ கியரில் மெதுவாகப் போ, என்ஜினை மட்டும் முழுச் சுற்றில் வை என்று சொன்னால், கிழவருக்கு அவசரமில்லை, எனக்கு அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறான் என்று பதில் வரும்.

கழனிக்காரர்களும் யோக்கியம் இல்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து சுற்றிலும் பழைய புடவை கட்டுகிறோம், வெட்டு முடிந்ததும் அதைச் சுருட்டி எடுப்பதில்லை. சொட்டுநீர்க் குழாயையும் அப்படியே விட்டுவிடுகிறோம். நைலான் புடவை ரோட்டரின் முனையில் சுற்றி, சூட்டில் உருகி, பேரிங் சீலுக்குள் இறுகிவிடுகிறது. அதை மேஸ்திரி உளியால் செதுக்கி எடுக்கும்போது கரை, பூ வேலைப்பாடு எல்லாம் அடையாளம் தெரியும். வேலை முடிந்த அன்றே ஹூடுக்குள் ஒட்டிய ஈரச் சோகையைச் சுரண்டுகிறவர்களும் அரிது. கரும்புச் சாறு பட்ட தகடு புளித்துத் துரு ஏறுவதை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போதுதான் கவனிக்கிறார்கள்.

எனக்கு மிகப் பெரிய குறை பிளேடு விற்கிற இடத்தில்தான். முன்பு ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் தராசு முள் அசையாது. இப்போது ஒரே முத்திரை குத்திய பிளேடுகளில் கைக்கே வித்தியாசம் தெரிகிறது. ஒன்றில் துளை ஓரமாக விழுந்திருக்கிறது, மற்றொன்றில் நுனி தடித்திருக்கிறது. அதனால் நான் கடைக்குப் போகும்போது மேஸ்திரியின் தராசை இரவல் வாங்கி எடுத்துப் போகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டு ஜோடி சேர்க்க ஆரம்பித்தால் கடைக்காரர் முகம் மாறிவிடும். "நீங்க என்ன நகையா எடுக்கறீங்க, பெரியவரே?" என்று கேட்டார். நகையில் 50 கிராம் குறைந்தால் நீ சும்மா இருப்பாயா என்று கேட்டேன். பையனைக் கூப்பிட்டு இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.