மாதிரி மருந்தும் வரி விலக்கும்

மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகள் வைத்தியர்களிடம் விலையின்றிக் கொடுத்துச் செல்லும் மாதிரி மருந்து, நோயாளிக்குச் செய்யும் உபகாரமா, வியாபார விருத்திக்கான உபாயமா என்னும் வினாவுக்கு இந்திய வரிச் சட்டங்கள் இன்னும் தெளிவான விடை கூறவில்லை.

புதிய மருந்து நோயாளிக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை வைத்தியர் அறியவும், கையில் பணமில்லாத ஏழை அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கவும் அது துணைபுரிகிறது என்பதை மறுப்பது நியாயமாகாது. ஆயினும், இலவசமாகத் தொடங்கிய மருந்தையே பின்னர் மாதந்தோறும் விலை கொடுத்து வாங்க நேரும்போது, மலிவான மருந்து வேறு இருந்தும் அதை அறியாத குடும்பத்துக்கு அவ்வுபகாரமே பாரமாகிவிடக்கூடும்.

பிரதிபலன் பெறாமல் கொடுக்கப்படுவதால் மாதிரிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2019 மார்ச் 7-ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ஆனால் அதன் உற்பத்திக்காகக் கம்பெனி முன்னரே செலுத்திய வரியை வரவு வைத்துக்கொள்ள 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு இடந்தரவில்லை. அந்த நஷ்டம் விற்பனை மருந்தின் விலையில் ஏறுமாயின், இலவசத்தின் செலவை வேறொரு நோயாளியே சுமக்கிறார்.

வருமான வரிச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த 194ஆர் பிரிவோ, ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் விதித்தது; மாதிரி மருந்தும் இதில் அடங்கும் என்று அவ்வாண்டு ஜூன் மாதச் சுற்றறிக்கை கூறியது. தொழில் நடத்தாத அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கொடுத்தவரும் பெற்றவரும் கணக்கில் வந்தது இப்பிரிவின் பெருஞ்சிறப்பு. ஆனால், பெற்ற மாதிரியை ஏழைக்கு வழங்கிய வைத்தியரையும், 'விற்பனைக்கன்று' என்ற முத்திரையை மீறி அதைக் காசாக்கியவரையும், தங்க நாணயம் பரிசு பெற்றவரையும் ஒரே தராசில் நிறுத்துவது இதன் பெருங்குறை.

2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, ஒரு மருந்தில் ஒரு வைத்தியருக்கு ஆண்டுக்கு 12 பொட்டலம், ஒவ்வொன்றும் 3 நோயாளிகளின் தேவைக்கு மிகாமல், மொத்த மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்துக்குள் என்று வரம்பு கட்டியது. இவ்வரம்புக்கு உட்பட்டு, நோயாளியைச் சென்றடைந்ததாக வைத்தியரின் பதிவேடு காட்டும் மாதிரிக்கு வரி விலக்கைப் பூரணமாகக் கொடுக்க வேண்டும். மற்றதற்கு மறுக்க வேண்டும். விலக்கின் நிபந்தனை, மருந்து எவர் கையில் கொடுக்கப்பட்டது என்பதன்று, எந்த நோயாளிக்குப் பயன்பட்டது என்பதாகவே இருத்தல் வேண்டும்.