பிள்ளை நிரபராதி என்றால்...

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும், வதிவிடப் பத்திரம் இல்லாத மாணவர்களைப் பற்றி யார் எழுதினாலும், அவர்களுக்காகப் பரிந்து எழுதுபவர்கள்கூட, ஒரு சொற்றொடரைத் தவறவிடுவதில்லை: 'தம்முடைய தவறு எதுவுமின்றிச் சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்கள்.' இச்சொற்றொடர் பிள்ளைக்குக் கதவைத் திறக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு பிள்ளையுடையது அல்ல என்றால் அது யாருடையது? கேள்வி எழுப்பப்படாமலே பெற்றோர்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. எனது விமர்சனம் இதைப் பற்றியதே.

இக்கதையாடலின் மூலப் பிரதி என்று 1982 யூன் 15 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வழங்கிய 'பிளைலர் எதிர் டோ' தீர்ப்பைச் சொல்லலாம். ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரப் பாடசாலை நிர்வாகம், பத்திரமற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1000 டொலர் கட்டணம் கேட்டது. நான்கு மெக்சிக்கக் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பிள்ளைகள் வென்றார்கள். நீதியரசர் பிரென்னனின் தர்க்கம் இதுதான்: சட்டத்தை மீறி நுழைந்த பெரியவர்கள் அதன் விளைவை, நாடுகடத்தல் உட்பட, ஏற்கத் தயாராக இருக்கவேண்டும், பிள்ளைகளை அவர்களோடு ஒரே தட்டில் வைக்கமுடியாது. மனிதாபிமானமுள்ள தீர்ப்புத்தான். ஆனால் அந்த வழக்கைப் போட்டவர்கள் யார்? நாடுகடத்தப்படலாம் என்று தெரிந்துகொண்டே நீதிமன்றப் படி ஏறிய அதே பெற்றோர். அவர்களுடைய துணிச்சலால் பிறந்த தீர்ப்பே அவர்களைக் குற்றவாளிகளாகப் பதிந்து வைத்தது.

அத்தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லூரி வாசலில் உரிமை சலுகையாகச் சுருங்குகிறது. மத்திய அரசின் கல்வி நிதியுதவி இவர்களுக்குக் கிடையாது. 2001 இல் ரெக்சாஸும் கலிபோர்னியாவும் தம் பாடசாலைகளில் படித்து வந்தவர்களுக்கு உள்மாநிலக் கட்டணத்தை அனுமதித்தன. இச்சலுகையின் ஆயுள் எவ்வளவு? 2025 யூன் 4 இல் மத்திய அரசு ரெக்சாஸ்மீது வழக்குப் போட்டது. மாநில அரசு எதிர்த்து வாதாடாமல் இணங்கியது. 24 ஆண்டுகாலச் சட்டம் அன்றைய தினமே செயலிழந்தது. 'டாக்கா' எனப்படும் தற்காலிகப் பாதுகாப்பை ஒபாமா அறிவித்தது 2012 யூன் 15 இல். 2007 யூன் 15 முதல் அந்நாட்டில் தொடர்ந்து வசித்திருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இன்று கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகளில் அநேகர் அத்திகதியில் பிறந்தே இருக்கவில்லை.

இந்த இடைவெளியைக் கல்லூரிகள் நிரப்பப் பார்க்கின்றன. பேர்க்லியில் 2012 இல் இம்மாணவர்களுக்கென்றே தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. ஆலோசகர்கள், உதவித்தொகை, சட்ட ஆலோசனை எல்லாம் உண்டு. இவை தேவையானவை. ஆனால் ஒரு இடத்தில் இந்த ஆதரவு நின்றுவிடுகிறது. அது வேலை. பத்திரமற்றவர்களை வேலைக்கு அமர்த்தக்கூடாது என்ற 1986 ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தாது என்று சட்ட அறிஞர்கள் வாதிட்டார்கள். மாணவர்கள் போராடினார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2024 சனவரியில் அதை ஒத்திப்போட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இதற்கான சட்டமூலத்தை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். 2025 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடு பாரபட்சமானது, மீளாய்வு செய்க என்றது.

இது தற்செயலான முரண் அல்ல. படிக்கும்வரை பிள்ளை நிரபராதி. நூலகத்தில் புத்தகம் அடுக்கிக் கூலி கேட்கும் கணத்தில் அவன் தொழிலாளி. தொழிலாளி என்றவுடன் அவன் தன் தாய்தகப்பனைப் போலாகிவிடுகிறான். நிரபராதம் என்ற இக்கதையாடல் உழைப்பைத் தொடப் பயப்படுகிறது.

இவ்விடத்தில் கார்லா கொர்னெஹோ விஜாவிசென்சியோ 2020 இல் எழுதிய 'பத்திரமற்ற அமெரிக்கர்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூல் முக்கியமானது. எக்குவடோரிலிருந்து சிறுமியாகக் கொண்டுவரப்பட்டு ஹார்வார்டில் படித்துத் தேறியவர் அவர். பதிப்பாளர்கள் விரும்பக்கூடிய சாதனைக் கதை அவர் கையில் இருந்தது. அதை அவர் பிரதானமாக எழுதவில்லை. தெருமுனையில் நாட்கூலிக்கு நிற்பவர்களையும், 2001 செப்டெம்பர் தாக்குதலின் இடிபாடுகளை அள்ளி நோயாளிகளானவர்களையும், மூப்படையும் தன் பெற்றோரையும் எழுதினார். நூலில் குறைகள் உண்டு. கற்பனை எங்கே முடிகிறது, ஆவணம் எங்கே தொடங்குகிறது என்பது சில இடங்களில் தெளிவில்லை. கோபம் சிலவேளை ஆய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் தன் தேர்ச்சியைப் பெற்றோருக்கு எதிரான சாட்சியமாக்க அவர் மறுத்தார். அந்த மறுப்பே நூலின் அரசியல்.

நான் இதை எட்ட நின்று எழுதவில்லை. என் மகளை ஐந்து வயதில் இன்னொரு பிள்ளையின் கடவுச்சீட்டில் கனடாவுக்குக் கொண்டுவந்தவன் நான். அகதி அந்தஸ்துக் கிடைத்ததால் அவளுக்குக் கல்லூரிக் கதவு சாத்தப்படவில்லை. உதவித்தொகை ஒன்றுக்கு எழுதிய கட்டுரையை, நான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த ஒரு காலையில், பார்க்கத் தந்தாள். பெற்றோர் சட்டத்தை மீறினார்கள், அதற்குத் தான் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தாள். ஒருகாலம் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. 'வேற மாதிரி எழுதலாமே' என்றேன். 'இப்பிடி எழுதினாத்தான் தருவினம் அப்பா' என்றாள். அவள் சொன்னது சரி. அவளை அப்படி எழுதவைத்தது அந்த விண்ணப்பப்படிவம்.

வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கிடைத்த ஆயுதத்தைப் பாவிக்கட்டும், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. பிளைலர் தீர்ப்பு இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்ந்திருப்பார்கள். ஆனால் வழக்கறிஞரின் உத்தியை நாம் நமது அறமாக வரித்துக்கொள்ளத் தேவையில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குடிவரவுச் சட்ட உதவி மையம் மாணவருக்கு மட்டுமன்றி அவருடைய நெருங்கிய குடும்பத்தினருக்கும் இலவச உதவி செய்கிறது. ஒரு கல்லூரியின் ஆதரவை அளக்க எனக்கு இது போதுமான அளவுகோல். பிள்ளையைத் தூக்கிவிடும்போது பெற்றோரை அது என்ன செய்கிறது?

இக்கேள்வி அமெரிக்கர்களுக்கு மட்டுமானது அல்ல. 'உண்மையான அகதி' என்றும் 'உழைக்க வந்தவன்' என்றும் நம்மவர்களை நாமே பிரித்துப் பேசி வந்திருக்கிறோம். மேடையில் பிள்ளைகளின் பட்டங்களை வாசிக்கும்போது, அவர்களைக் கொண்டுவந்த பயணங்களை வாசிக்காமல் விடுகிறோம். அப்பயணங்களைத் தவறு என்று ஒத்துக்கொண்டுதான் நம் பிள்ளைகள் முன்னேற வேண்டுமா என்பதை நாம் விவாதிக்க வேண்டும்.